செலஸ்ட் லெவல் பேக் ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்ட்ராபெர்ரி ஜாம், ஸ்பிரிங் கொலாப் 2020 போன்ற பெரிய ரசிகர் லெவல் தொகுப்புகளைச் செலஸ்ட் என்ற மலையேறும் கணினி ஆட்டத்தில் ஏற்றும்போது வரும் கோளாறுகளுக்குக் காரணங்கள் நாலைந்துதான். திரையில் அவை காட்டும் முகங்கள்தான் பல. ஆகவே இந்தக் குறிப்பு காரணத்தில் தொடங்காமல் அறிகுறியில் தொடங்குகிறது. உங்கள் திரையில் தெரிவது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வைஃபை, மொபைல் ஹாட்ஸ்பாட், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப், மழை வந்தால் போகும் கரண்ட் என்று பெங்களூரில் ஆடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. விண்டோஸ் பற்றியே பேச்சு. மற்றவை மாறுபடும் இடத்தில் மட்டும் சொல்லியிருக்கிறது.

எதையும் அழிப்பதற்கு முன்

உங்களிடம் இருப்பது எந்தச் செலஸ்ட்? ஸ்டீம், எபிக், இட்ச் ஆகிய மூன்றில் எங்கே வாங்கிய பிசி பதிப்பானாலும் மாட் (ரசிகர்கள் செய்த சேர்க்கை) ஏறும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பதிப்பில் ஏறாது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸிலும் அப்படியே. இவற்றை மட்டும் வைத்திருப்பவர்கள் மேற்கொண்டு படித்துப் பயனில்லை. ஸ்டீமில் தள்ளுபடி வரும்போது வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

ஆட்டத்தின் ஃபோல்டரைத் திறக்க, ஸ்டீம் லைப்ரரியில் செலஸ்ட் மேல் வலது கிளிக் செய்து 'மேனேஜ்', 'பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ்' என்று போங்கள். உள்ளே மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும். 'மாட்ஸ்' ஃபோல்டரில் ஜிப் கோப்புகள் இருக்கும். 'சேவ்ஸ்' ஃபோல்டரில் உங்கள் முன்னேற்றம் இருக்கும். 'லாக்' என்ற டெக்ஸ்ட் கோப்பில், ஆட்டம் தொடங்கியது முதல் என்னென்ன ஏறியது, எது ஏறவில்லை, எங்கே விழுந்தது என்று, மாட்களை ஏற்றும் நிரலான எவரெஸ்ட் வரிசையாக எழுதி வைத்திருக்கும். லினக்ஸில் சேவ்ஸ் ஆட்ட ஃபோல்டரில் இருக்காது. ஹோமில் மறைந்திருக்கும் 'லோக்கல்' ஃபோல்டருக்குள் 'ஷேர்', அதற்குள் 'செலஸ்ட்' என்று தேட வேண்டும்.

சேவ்ஸ் ஃபோல்டரை முழுதாக டெஸ்க்டாப்பில் ஒரு நகல் போட்டுவிடுங்கள். லாக் கோப்பையும் அப்படியே. ஆட்டத்தை மறுபடி திறந்தால் லாக் புதிதாக எழுதப்படும். பழையது 'லாக் ஹிஸ்டரி' ஃபோல்டருக்குப் போய்விடும், அங்கே தேதி பார்த்துத் தேட வேண்டிவரும்.

ஆட்டத்தையே அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுவதைத்தான் பலரும் முதலில் செய்கிறார்கள். கடைசியில்கூட அது தேவைப்படாது. ஸ்டீம் தான் போட்ட கோப்புகளை மட்டுமே நீக்கும். நீங்கள் போட்ட மாட்ஸ் ஃபோல்டர் அங்கேயே கிடக்கும். மறுபடி நிறுவியதும் அதே பழுதான ஜிப் அதே இடத்திலிருந்து ஏறி, அதே இடத்தில் விழும். டேட்டா செலவுதான் மிச்சம்.

முதன்மை மெனுவில் 'மாட் ஆப்ஷன்ஸ்' இல்லை

எவரெஸ்ட் ஏறவில்லை என்று பொருள். தொடக்கத் திரையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். 1.4.0.0 என்று ஆட்டத்தின் பதிப்பு எண் இருக்கும். அதனருகே எவரெஸ்டின் எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால், எவரெஸ்டை நிறுவும் செயலியான ஒலிம்பஸைத் திறந்து எவரெஸ்டின் ஸ்டேபிள் பதிப்பை மறுபடி நிறுவுங்கள். மாட்ஸுக்கும் சேவுக்கும் ஒன்றும் ஆகாது.

நேற்று வரை இருந்தது, இன்று காணோம் என்றால் யாரோ ஸ்டீமில் 'வெரிஃபை' பொத்தானை அழுத்தியிருப்பார்கள். எவரெஸ்ட் திருத்தி வைத்திருக்கும் செலஸ்ட் இயக்கக் கோப்பை, சேதமான கோப்பு என்று எண்ணி ஸ்டீம் அசலால் மாற்றிவிடும். மறு நிறுவல் போதும்.

ஒலிம்பஸ் 'முடிந்தது' என்று சொல்லியும் எவரெஸ்ட் வராவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து பாருங்கள். இன்னொரு நிரலின் இயக்கக் கோப்பைத் திருத்துகிற எதையும் ஆன்டிவைரஸ் சந்தேகிக்கும். ஒரு கோப்பைத் தூக்கித் தனியே வைத்திருக்கலாம். ஒலிம்பஸை அதன் அதிகாரபூர்வ இடத்திலிருந்து எடுத்திருந்தால் மட்டும் அந்தக் கோப்பை விடுவித்து, ஆட்ட ஃபோல்டரை விதிவிலக்கில் சேருங்கள். ஆபீஸ் லேப்டாப்பாக இருந்து இதற்கு அட்மின் கடவுச்சொல் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. ஐடி டீமுக்கு விளக்கம் எழுதும் அளவுக்கு எந்த லெவலும் பெறாது.

ஜிப்பைப் போட்டாயிற்று, லெவல் பட்டியலில் வரவில்லை

முதல் சந்தேகம்: பட்டியலில் இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. அத்தியாயத் தேர்வுத் திரை அசல் மலையில்தான் திறக்கும். அங்கே மேல், கீழ் அம்புகளை அழுத்தினால் வெவ்வேறு தொகுப்புகளுக்கு மாறும். புதிதாக மாட் போடுகிறவர்கள் இடம், வலம் மட்டும் தேடிவிட்டு 'வரவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அங்கும் இல்லையென்றால் ஜிப்பைத் திறந்து, பிரிக்காமல் உள்ளே பாருங்கள். திறந்தவுடன் முதல் அடுக்கிலேயே எவரெஸ்ட் என்ற பெயருள்ள யாமல் கோப்பு தெரிய வேண்டும். அதைப் படித்துத்தான் இது என்ன மாட், எந்தப் பதிப்பு, எதைச் சார்ந்தது என்று ஆட்டம் அறிகிறது. கையால் பிரித்து, மறுபடி சுருக்கி, நண்பருக்கு டிரைவில் அனுப்பிய ஜிப்புகளில் அந்தக் கோப்பு ஓர் ஃபோல்டருக்குள் இறங்கிவிடும். பொட்டலத்துக்குள் பொட்டலம் இருந்தால் எவரெஸ்ட் உள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காது. சரிசெய்ய, உள் ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஜிப் ஆக்குங்கள். அதைவிட மூலப் பக்கத்திலிருந்து நேராக இறக்குவது மேல்.

ஜிப்பை மாட்ஸுக்குள் பிரித்து வைக்கத் தேவையில்லை. அது லெவல் செய்கிறவர்களுக்கான வழி. பிரித்ததும் ஜிப்பும் சேர்ந்து இருந்தால், ஒரே மாட் இரண்டு முறை வந்திருக்கிறது என்று லாக்கில் எச்சரிக்கை வரும். பிரவுசர் இரண்டாவது தடவை இறக்கியபோது பெயருக்குப் பின்னால் 1 சேர்த்து வைத்த ஜிப்புக்கும் இதே கதி. பழையது ஏறி, புதியது நின்றுவிட்டால் 'அப்டேட் செய்தும் மாறவில்லை' என்ற புலம்பல் அங்கிருந்துதான் வரும். ஒன்றை நீக்குங்கள்.

கடைசியாக, மாட்ஸ் ஃபோல்டரில் உள்ள பிளாக்லிஸ்ட் டெக்ஸ்ட் கோப்பு. அதில் பெயர் உள்ள ஜிப் ஏறாது. வரியின் தொடக்கத்தில் # இருந்தால் அந்த வரி கணக்கில் இல்லை. தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஸ்ட்ராபெர்ரி ஜாம் 2023-இல் வெளிவந்தாலும், வேலை தொடங்கிய ஆண்டைக் கொண்டு அதன் உள்பெயர் 2021 என்றே முடிகிறது. அது பழைய பதிப்பு என்று எண்ணி அழித்துவிட வேண்டாம்.

'சில மாட்கள் ஏறவில்லை' என்று செய்தி வருகிறது

பெரும்பாலும் இதுதான், இதுதான் எளிதும்கூட. ஒரு பெரிய தொகுப்பு தனியாக நிற்பதில்லை. லாபி (லெவல்களுக்குப் போகும் கூடம்), சேகரிக்க வேண்டிய குட்டி இதயம், வெள்ளி பெர்ரி இவற்றையெல்லாம் தருவது கொலாப் யூட்டில்ஸ் 2 என்ற தனி மாட். லெவலுக்குள் வரும் புதுப் பொருள்கள் ஃப்ராஸ்ட் ஹெல்பர், கம்யூனல் ஹெல்பர், மேடீஸ் ஹெல்பிங் ஹேண்ட் போன்ற ஹெல்பர் (துணை) மாட்களிலிருந்து வருகின்றன. நூறைத் தாண்டிய வரைபடங்களும் பல கைகளின் வேலையும் உள்ள ஸ்ட்ராபெர்ரி ஜாமுக்கு இந்தப் பட்டியல் நீளம். அதில் ஒன்று இல்லாவிட்டாலும், அல்லது இருப்பது தேவையானதைவிடப் பழையதாக இருந்தாலும், எவரெஸ்ட் முழுத் தொகுப்பையும் ஏற்றாமல் நிறுத்திவிடும். பாதி ஏற்றி நடுவழியில் விழுவதைவிட இது நல்ல முடிவு.

செய்ய வேண்டியது: மாட் ஆப்ஷன்ஸ் திறந்து, 'இன்ஸ்டால் மிஸ்ஸிங் டிபெண்டென்சீஸ்' என்ற வரியை அழுத்துங்கள். ஆட்டமே தேடி, இறக்கி, மறுதொடக்கம் கேட்கும். பிறகு அங்கேயே மாட் அப்டேட்களைச் சரிபார்க்கும் வரியையும் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டும் முடிந்தும் செய்தி நீங்காவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. தேவையான ஹெல்பர் பிளாக்லிஸ்டில் இருக்கிறது. அல்லது எவரெஸ்டே பழையது. அதுவும் ஒரு சார்புதான், அதற்கும் குறைந்தபட்ச எண் யாமலில் குறித்திருக்கும். அல்லது ஹெல்பரின் ஜிப் பழுது. எது என்று அதே திரையும் லாக்கும் பெயர் சொல்லும்.

ஹெல்பர்களை ஒவ்வொன்றாகக் கையால் தேடி இறக்குவது வீண் வேலை. நாலாவது ஹெல்பர் ஐந்தாவதைக் கேட்கும், அது ஆறாவதைக் கேட்கும். நெட் இல்லாத கணினிக்குப் போட வேண்டுமென்றால் மட்டும், ஏற்கெனவே ஓடும் ஒரு கணினியின் மாட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். 'கேஷ்' என்ற உள் ஃபோல்டரை மட்டும் விட்டுவிடலாம். அது அங்கே புதிதாக உருவாகும்.

டவுன்லோட் முடிந்தது, ஆனால் ஜிப் பழுது என்கிறது

லாக்கில் 'எண்ட் ஆஃப் சென்ட்ரல் டைரக்டரி' என்று தொடங்கி 'கிடைக்கவில்லை' என்ற பொருளில் முடியும் ஆங்கில வரி இருந்தால், ஜிப் பாதியில் அறுந்திருக்கிறது. ஜிப் கோப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் எழுதப்படுகிறது. ஆகவே 99 சதவீதம் இறங்கி வால் மட்டும் அறுந்தாலும் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. பாதி லெவல்களாவது வரட்டும் என்று எதிர்பார்க்க முடியாததன் காரணம் இது.

பிஜி வைஃபைகளில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை லாகின் பக்கம் வந்து இணைப்பை அறுக்கும். ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா வரம்பு முடிந்ததும் வேகம் தரைமட்டமாகும். இறக்கம் நின்றே போகும். லெவல், ஹெல்பர், இசை எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் 1.5 ஜிபி திட்டத்துக்கு நெருக்கடிதான். நள்ளிரவு 12 தாண்டி வரம்பு புதிதானதும் தொடங்குங்கள். லாகின் கேட்கும் வைஃபையாக இருந்தால் வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, அந்தக் கையோடு தொடங்குங்கள். லேப்டாப் தூங்கிப்போகாதபடி ஸ்லீப் அமைப்பை மாற்றி வையுங்கள். பெரிய கோப்பை ஒலிம்பஸின் ஒரே கிளிக்கில் எடுப்பதைவிட, நின்ற இடத்திலிருந்து தொடரத் தெரிந்த டவுன்லோட் மேனேஜரில் எடுத்து, பிறகு மாட்ஸுக்குள் போடுவது இந்த ஊர் நெட்டுக்குப் பாதுகாப்பு.

முழுதாக வந்ததா என்று பார்க்க இரண்டு வழி. இறக்கப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். அல்லது 7-ஜிப்பில் வலது கிளிக் செய்து 'டெஸ்ட் ஆர்க்கைவ்' ஓட்டுங்கள். இது ஒவ்வொரு உள்கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிட்டுப் பார்க்கும். அளவு சரியாக இருந்தும் டெஸ்டில் தவறு வந்தால் ஜிப்பை மறுபடி இறக்குங்கள். அப்போதும் அப்படியே என்றால் பழைய ஹார்ட் டிஸ்கைச் சந்தேகியுங்கள்.

ஏறும்போதே கிராஷ், அல்லது கறுப்புத் திரை

பொறுமை முதலில். தொகுப்பைப் போட்டபின் வரும் முதல் தொடக்கம், பழைய ஹார்ட் டிஸ்கில் பல நிமிடம் பிடிக்கும். ஹெல்பர்களின் நிரல் பகுதியை எவரெஸ்ட் முதல் தடவை மட்டும் தனக்கேற்ப மாற்றி கேஷ் ஃபோல்டரில் வைக்கிறது. 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தவுடன் மூடிவிட்டால் அடுத்த தடவையும் அதே நேரம் பிடிக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் அசைவு இருக்கும்வரை விட்டுவிடுங்கள்.

பிறகும் விழுந்தால் லாக்கின் கடைசி சில வரிகள். 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருந்தால் நினைவகம் போதவில்லை. செலஸ்ட் படங்களைத் தேவைப்படும்போது எடுப்பதில்லை, தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அசல் ஆட்டத்துக்கு அது சிறிய சுமை. நூறு லெவல்களின் அலங்காரமும் சேர்ந்தால் கதை வேறு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸுக்கான நினைவகமும் அதே ராமிலிருந்துதான் போகிறது.

4 ஜிபி ராம் லேப்டாப்பில் ஸ்ட்ராபெர்ரி ஜாமை முயலாதீர்கள். சிறிய தொகுப்பு ஒன்றை ஆடுங்கள். 8 ஜிபி இருந்தால் குரோமை மூடிவிட்டு ஆடலாம். ராம் சேர்க்கும் எண்ணம் இருந்தால், டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'மெமரி' திறந்து, எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று குறித்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள். டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டின் பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும். மாற்றி வாங்கினால் பொருந்தாது. ஒரே பெரிய தட்டைவிட ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகள் நல்லது. உள் கிராபிக்ஸுக்கு இரட்டைத் தடம் கிடைக்கும், ஆட்டமும் சீராகும்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. யாரோ யூடியூபில் சொன்னார்கள் என்று விர்ச்சுவல் மெமரியை அணைத்து வைத்திருந்தால் 'ஆட்டோமேட்டிக்' நிலைக்குத் திருப்புங்கள். ஆடாத மற்றத் தொகுப்புகளை மாட் ஆப்ஷன்ஸில் அணையுங்கள். எவரெஸ்டைப் புதுப்பியுங்கள். பழைய எவரெஸ்ட், விண்டோஸில் ஆட்டத்தின் அசல் 32 பிட் வடிவத்தின் மேலேயே ஓடியது. அதனால் கணினியில் 16 ஜிபி இருந்தாலும் ஆட்டத்துக்கு எட்டியது அதில் சிறு பகுதிதான். இப்போதைய எவரெஸ்டுக்கு அந்தத் தடை இல்லை. 'ராம் நிறைய இருக்கிறதே, ஏன் விழுகிறது' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இங்கேயே கிடைத்துவிடும்.

லாக்கில் 'மிஸ்ஸிங் மெத்தட்' அல்லது 'டைப் லோட்' என்று தவறு வந்தால் நினைவகம் காரணமல்ல, பதிப்புகள் பொருந்தவில்லை. ஹெல்பர் ஒன்று இன்னொன்றில் இருக்க வேண்டிய நிரல் துண்டைத் தேடிக் காணவில்லை. எவரெஸ்ட், மாட்கள் எல்லாவற்றையும் புதுப்பித்து, மாட்ஸுக்குள் இருக்கும் கேஷ் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அது தானாகவே மறுபடி உருவாகும். அதில் சேவ் எதுவும் இல்லை.

ஒலி வருகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கிராபிக்ஸ் டிரைவர். ஆட்ட ஃபோல்டரில் 'எவரெஸ்ட் லான்ச்' என்ற டெக்ஸ்ட் கோப்பு உண்டு. அதில் கிராபிக்ஸ் பற்றிய வரிகள் # குறியோடு முடக்கி வைக்கப்பட்டிருக்கும். ஓபன்ஜிஎல் என்று முடியும் வரியின் முன்னே உள்ள # ஐ மட்டும் நீக்கிச் சேமித்துத் தொடங்குங்கள். சரியாகவில்லையென்றால் அதை மறுபடி முடக்கி, வல்கன் வரியைத் திறந்து பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்.

லெவலுக்குள் போனதும் அஞ்சலட்டை வந்து வெளியே தள்ளுகிறது

அலங்காரம் என்று எண்ணி அழுத்திக் கடந்துவிடாமல் அதைப் படியுங்கள். எவரெஸ்ட் தன் பிழைச் செய்தியை அஞ்சலட்டை வடிவில்தான் காட்டும். லெவல் இப்போது இல்லை என்ற பொருளில் இருந்தால், நீங்கள் சேவ் செய்துவிட்டு வந்த வரைபடத்தின் மாட் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது நீக்கப்பட்டிருக்கிறது. ஏற்றத்தில் பிழை என்றால் ஒரு ஹெல்பர் பழையது. மேலே சொன்ன புதுப்பித்தலைச் செய்யுங்கள்.

தொகுப்பைப் புதுப்பித்த கையோடு இது வந்தால் காரணம் வேறு. 'சேவ் அண்ட் குவிட்' கொடுத்தால் நீங்கள் நின்ற அறையின் பெயரோடு சேவ் ஆகிறது. புதுப் பதிப்பில் அந்த அறையின் பெயர் மாறியிருந்தால் திரும்பிப் போக இடமில்லை. அந்த லெவலை முதலிலிருந்து தொடங்குவதே வழி. இனிமேல், புதுப்பிக்கும் முன் லாபிக்குத் திரும்பி, அங்கிருந்து வெளியேறுங்கள்.

கறுப்புத் திரையில் பெட்டி பெட்டியாக வரைபடம் தெரிந்தால் அது பிழையே அல்ல. டீபக் மோட் (லெவல் செய்கிறவர்களுக்கான சோதனை நிலை) இயங்கும்போது எஃப்6 தட்டிவிட்டீர்கள். மாட் ஆப்ஷன்ஸில் அதை அணைத்து வையுங்கள்.

ஆட்டம் மெதுவாக நகர்கிறது

செலஸ்ட் ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் கணக்கில் ஓடுகிறது. கணினி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் ஃபிரேம்கள் விடுபடுவதற்குப் பதில் ஆட்டமே மந்தமாகிவிடும், ஆட்டத்தின் நாயகி மேடலின் தண்ணீரில் நடப்பதுபோல. இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப் என்றால் விண்டோஸ் அமைப்புகளில் 'டிஸ்பிளே', 'கிராபிக்ஸ்' போய், செலஸ்டைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். சார்ஜரைச் செருகுங்கள், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லாபியில் மட்டும் மந்தம், லெவல்களில் இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். லாபிகள் அலங்காரம் மிகுந்தவை.

மூலைவாட்டில் டாஷ் (பாய்ச்சல்) போகவில்லை, குதிப்பு தவறுகிறது

'லெவல் செய்தவர்கள் நியாயமே இல்லாமல் செய்திருக்கிறார்கள்' என்று திட்டும் முன் கீபோர்டைச் சோதியுங்கள். விலை குறைந்த கீபோர்டுகளிலும் பெரும்பாலான லேப்டாப் கீபோர்டுகளிலும் சில மூன்று பொத்தான் சேர்க்கைகள் பதிவாகவே ஆகாது. பொத்தான்கள் தனித்தனி கம்பியில் இல்லை, வரிசை, நெடுவரிசை என்று பின்னலில் இருக்கின்றன. சில மூன்றை ஒருசேர அழுத்தினால் மூன்றாவது எது என்று மின்சுற்றுக்குப் பிரித்தறிய முடியாது. மேல் அம்பு, இட அம்பு, கூடவே ஒரு பொத்தான் என்ற சேர்க்கையில் இது அடிக்கடி சிக்கும். செலஸ்டின் உயிரே அந்தச் சேர்க்கைதான்.

சோதனை எளிது. ஆட்டத்தில் தரையில் நின்று, மேல் அம்பையும் இட அம்பையும் அழுத்திப் பிடித்தபடி டாஷ் பொத்தானைத் தட்டுங்கள். முன்னிருப்பில் சி குதிப்பு, எக்ஸ் டாஷ், இசட் பிடிப்பு. எட்டுத் திசையிலும் செய்து பாருங்கள். ஒரு திசையில் மட்டும் டாஷ் வரவே இல்லை, அல்லது நேராகப் போகிறது என்றால் பிழை கீபோர்டில். டாஷைப் பக்கத்துப் பொத்தான்களுக்கு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பின்னலில் வேறு கோட்டில் உள்ள ஒன்று பிரச்சினையின்றி வேலை செய்யும். ஷிஃப்ட், கன்ட்ரோல் பொத்தான்களுக்குப் பெரும்பாலும் தனிக் கோடு உண்டு. ஆனால் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸின் 'ஸ்டிக்கி கீஸ்' குறுக்கே வரும். அதை முதலில் அணையுங்கள்.

கன்ட்ரோலரில் ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிவானால், ஸ்டீமில் செலஸ்டின் பண்புகளில் ஸ்டீம் இன்புட்டை அணைத்துப் பாருங்கள். கன்ட்ரோலரை ஆட்டமும் ஸ்டீமும் ஒருசேரப் படிக்கின்றன. புளூடூத்தில் தாமதம் தோன்றினால் கேபிளில் இணையுங்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திய குதிப்பை ஆட்டம் 0.08 நொடிவரை நினைவில் வைத்திருக்கும். விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி குதிக்கவிடும். இந்தச் சலுகையைத் தாமதம் தின்றுவிட்டால் உங்கள் கைப்பழக்கம் முழுதும் பிசகும்.

கடினமான லாபிகளில் ஒரு முள் இடைவெளியை எப்படியும் தாண்ட முடியவில்லையென்றால் அது குனிந்த டாஷைக் கேட்கலாம். 1.4.0.0 பதிப்பில் அதற்குத் தனிப் பொத்தான் ஒதுக்கலாம். முன்னிருப்பை நம்பியிருக்காமல் அமைப்புகளில் போய் வசதியான இடத்தில் வையுங்கள். ஸ்ட்ராபெர்ரி ஜாமில் ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சிக்கூடம் இருக்கிறது. அந்த நிலை கேட்கும் உத்திகள் அங்கே சொல்லித்தரப்படுகின்றன. அதைத் தாண்டிப் போய்விட்டு லெவலில் முட்டிக்கொள்வது நேர விரயம்.

இதயம் தள்ளிவிடுகிறது, கதவு திறக்கவில்லை

முடிவிலுள்ள குட்டி இதயத்தை டாஷ் அடித்துத்தான் உடைக்க வேண்டும். சும்மா போய் மோதினால் எகிறிவிடும்.

எடுத்த இதயங்கள் லாபியின் கதவில் கணக்காகவில்லை என்றால் எந்த சேவ் ஸ்லாட்டில் ஆடினீர்கள் என்று பாருங்கள். தொடக்க மெனுவிலிருந்து டீபக் கன்சோல் வழியாக லெவலுக்குள் போனால் அது தனி டீபக் சேவில் ஓடும். அங்கே எடுத்தது உங்கள் உண்மையான ஸ்லாட்டுக்கு வராது. மற்றொன்று: ஒவ்வொரு லாபிக்கும் கணக்கு தனி. தொடக்கநிலை லாபியில் எடுத்ததை வைத்து இடைநிலைக் கதவைத் திறக்க முடியாது.

இசை இல்லை, அல்லது தாளம் பிசகுகிறது

ஒரு லெவலில் மட்டும் மௌனம் என்றால், அந்தத் தொகுப்பின் ஒலி தனி ஜிப்பாக வருகிறதா என்று இறக்கப் பக்கத்தில் பாருங்கள். சார்புகளை நிறுவும் வரி அதையும் எடுத்துவரும். அசல் ஆட்டத்திலும் மௌனம் என்றால் மாட்டுக்குச் சம்பந்தமில்லை.

கேசட் கட்டைகள் இசையோடு சேர்ந்து மாறுகின்றன. புளூடூத் இயர்போனில் ஒலி பின்தங்கி வரும், கட்டைகள் திரையில் முந்தி மாறும். காதை நம்பி ஆடுகிறவர்கள் கம்பி இயர்போன் போடுங்கள்.

சேவ் காணோம், அல்லது சேதம் என்கிறது

ஒரு தொகுப்பின் ஜிப்பை அழித்ததால் முன்னேற்றம் போகவில்லை. ஏறாத தொகுப்புகளின் கணக்கை எவரெஸ்ட் சேவ் கோப்புக்குள்ளேயே ஒதுக்கி வைத்திருக்கும். ஜிப் திரும்பி வந்தால் அதுவும் திரும்பி வரும். ஆகவே பதற்றத்தில் புது ஸ்லாட் தொடங்க வேண்டாம்.

சேவ் எழுதும் கணத்தில் கரண்ட் போய், பேட்டரி செத்த லேப்டாப் அணைந்தால் கோப்பு கெடலாம். ஆட்டம் சேவ் எழுதும்போது 'பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டரிலும் ஒரு பிரதி வைக்கிறது. ஆட்டத்தை மூடுங்கள். சேவ்ஸில் உள்ள கெட்ட கோப்பை வேறு பெயரில் மாற்றி வையுங்கள், அழிக்காதீர்கள். பேக்கப்ஸில் அதே எண்ணுள்ள கோப்பை நகலெடுத்துச் சேவ்ஸில் போடுங்கள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்: முதல் ஸ்லாட் 0, இரண்டாவது 1. அதே எண்ணில் தொடங்கி 'மாட்சேவ்' என்று பெயரில் வரும் கோப்புகளும் உண்டு. ஹெல்பர்கள் தங்களுடைய கணக்கை அங்கே வைக்கின்றன. முதன்மைக் கோப்பை மட்டும் நகர்த்திவிட்டு இவற்றை விட்டுவிட்டால் சில விஷயங்கள் பாதியாகத் தெரியும். வேறு கணினிக்கு மாறும்போதும் சேவ்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்துச் செல்லுங்கள்.

ஒரே ஒரு லெவலில் மட்டும் கிராஷ்

எல்லாம் புதியது, நினைவகமும் இருக்கிறது, ஆனாலும் ஒரே இடத்தில் விழுகிறது என்றால் அநேகமாக அந்தத் தொகுப்புக்குத் தேவையில்லாத ஒரு மாட் குறுக்கிடுகிறது. தோற்றம் மாற்றும் ஸ்கின், ஸ்பீட்ரன் டூலின் சேவ் ஸ்டேட், கூடுதல் வேரியன்ட்கள் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். அவற்றை அணைத்து, அதே அறையை ஆடுங்கள்.

இன்னும் விழுந்தால் பாதி பாதியாகப் பிரியுங்கள். தொகுப்பும் அதன் சார்புகளும் அப்படியே இருக்கட்டும். மீதியுள்ளவற்றில் பாதியை அணையுங்கள். விழவில்லையென்றால் குற்றவாளி அணைத்த பாதியில், விழுந்தால் இயங்கும் பாதியில். 32 மாட் இருந்தாலும் ஐந்து சோதனையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் இரவே போய்விடும்.

தொகுப்பும் சார்புகளும் மட்டும் இயங்கும்போதும் விழுகிறது என்றால் லெவலிலேயே பிழை. அதைச் செய்தவர்களிடம் சொல்ல வேண்டும். லெவலின் பெயர், எந்த அறை, விழும் முன் என்ன செய்தீர்கள், எவரெஸ்டின் எண், கூடவே லாக் கோப்பு முழுதாக. கடைசி நாலு வரியின் ஸ்கிரீன்ஷாட் போதாது. காரணம் பெரும்பாலும் அதற்கு நூறு வரி மேலே இருக்கும். அனுப்பும் முன் லாக்கைத் திறந்து, ஃபோல்டர் பாதைகளில் வரும் உங்கள் விண்டோஸ் பயனர்பெயரைத் தேடி மாற்றிவிடுங்கள். பலருக்கு அது முழுப்பெயராகவே இருக்கும்.